சர்க்கரைக்குப் பதில் ஸ்வீட்னர்: எடை குறையுமா, உடம்பு தாங்குமா?

தராசுமுள்:

எடை 68 கிலோ, உயரம் 160 செ.மீ. சர்க்கரை நோய் கிடையாது. ஒரு நாளைக்கு டீயும் காபியுமாக நாலு கப், கப்புக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. அது போக 330 மி.லி. குளிர்பானம் ஒரு கேன். இதை எல்லாம் ஸ்வீட்னருக்கு மாற்றினால் எடை எவ்வளவு இறங்கும்?

இன்னொன்று. ஆஸ்பர்டேம் என்ற ஸ்வீட்னர் புற்றுநோய் தரும் என்று 2023இல் செய்தி ஓடியது. எடை குறைக்க ஸ்வீட்னர் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அதே வருடம் சொன்னதாகவும் படித்தேன். இரண்டும் ஒரே விஷயமா?

மாத்திரை, பாக்கெட், ஸ்டீவியா, எரித்ரிட்டால் என்று கடை நிறைய இருக்கிறது. எதை எடுப்பது? கேக்குக்கும் ஆகுமா? "எல்லாம் விஷம்", "ஒன்றும் ஆகாது" என்ற இரண்டு பதிலும் ஏற்கெனவே கிடைத்துவிட்டன. எண்ணோடு பேசுகிறவர்கள் சொல்லுங்கள்.

---

குடுவை:

பாதுகாப்பை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். எடை விஷயத்துக்கு ஊட்டம் மேடம் வருவார்.

2023இல் வந்தவை இரண்டு தனித்தனி அறிவிப்புகள். மே மாதம் வந்தது எடைக் கட்டுப்பாடு பற்றிய வழிகாட்டுதல். அது பயன் இருக்கிறதா என்ற கேள்விக்கான பதில். ஜூலை 14 அன்று வந்தது ஆஸ்பர்டேம் பற்றியது, அதிலும் இரண்டு குழுக்கள் பேசின. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம், சான்று குறைவு" என்ற பிரிவில் போட்டது. கல்லீரல் புற்றுநோய் தொடர்பான சில ஆய்வுகள்தான் அதற்கு அடிப்படை. இந்த முகமை பார்ப்பது ஒரு பொருளுக்கு அந்தக் குணம் இருக்க முடியுமா என்பதை. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பது அதன் வேலை அல்ல. அளவைப் பார்ப்பது உணவுச் சேர்மானங்களுக்கான கூட்டு நிபுணர் குழு. அந்தக் குழு அதே நாளில், பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னது: உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 40 மி.கி. தலைப்புச் செய்தியில் முதல் பாதி மட்டும் வந்தது.

உங்கள் 68 கிலோவுக்கு அது 2,720 மி.கி. ஒரு டீஸ்பூன் சர்க்கரைக்கு ஈடான சிறு மாத்திரையில் சுமார் 18 மி.கி. இருக்கும். வரம்பைத் தொட 150 மாத்திரை வேண்டும். டயட் பானம் ஒரு கேனில் 200 முதல் 300 மி.கி. என்று வைத்தால், தினமும் 9 முதல் 13 கேன். இந்த வரம்பு வாழ்நாள் முழுக்கத் தினமும் எடுத்தாலும் பாதகமில்லை என்ற கணக்கில் போடப்பட்டது. விலங்குச் சோதனையில் கெடுதல் காட்டாத உச்ச அளவை 100ஆல் வகுத்து வந்த எண் அது. ஒரு நாள் தாண்டிவிட்டால் ஆபத்து என்று பொருள் இல்லை.

மற்ற ஸ்வீட்னர்களுக்கு இதே கூட்டுக் குழுவின் கணக்கு, உடல் எடை கிலோவுக்கு நாளைக்கு மி.கி.யில்: சுக்ரலோஸ் 15, அசெசல்ஃபேம் கே 15, சாக்கரின் 5, சைக்லமேட் 11, ஸ்டீவியா 4 (இது அதன் அடிப்படை மூலக்கூறான ஸ்டீவியால் என்ற கணக்கில்). நாட்டுக்கு நாடு எண் மாறும். சுக்ரலோஸுக்கு அமெரிக்கா வைத்திருப்பது வெறும் 5.

பெரியவர்கள் இவற்றைத் தாண்டுவது கடினம். சிக்கல் குழந்தைகளிடம்தான். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஆஸ்பர்டேம் வரம்பு 600 மி.கி., அதாவது இரண்டு மூன்று கேன். சாக்கரின் என்றால் 75 மி.கி. மட்டுமே. வீட்டில் "டயட்தானே" என்று அவிழ்த்துவிடும்போது இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆஸ்பர்டேமிலிருந்து மெத்தனால் வருகிறது என்பது உண்மை, அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 200 மி.கி.க்கு 20 மி.கி. ஒரு கேன் அளவு தக்காளிச் சாற்றில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். பயப்பட வேண்டிய இடம் அது அல்ல; ஆஸ்பர்டேமிலிருந்து வரும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம்தான். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களால் அந்த அமினோ அமிலத்தைச் செரித்து மாற்ற முடியாது, மூளைக்குக் கேடு. அவர்களுக்கு ஆஸ்பர்டேம் துளியும் கூடாது. பல நாடுகளில் லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கும். ஆஸ்பர்டேம்-அசெசல்ஃபேம் உப்பு (லேபிளில் சேர்மான எண் 962), அதிலும் இது உண்டு.

சாக்கரின் பற்றிய பழைய பயத்துக்கும் ஒரு வரி. 1970களில் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது மெய். எலிச் சிறுநீரின் தனித்த வேதியியலால் அதில் படிகம் உண்டாகி, பையின் உட்சுவரை அரித்ததே காரணம்; மனிதரிடம் அது நடப்பதில்லை. 2000இல் அமெரிக்கா அந்த எச்சரிக்கை வாசகத்தை நீக்கியது.

---

ஊட்டம்:

தராசுமுள், முதலில் உங்கள் கணக்கு. டீஸ்பூன் 4 கிராம் என்றால் நாலு கப்பில் 32 கிராம், 128 கலோரி. கேனில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. சேர்த்து 270 என்று வைத்துக்கொள்வோம்.

7,700 கலோரிக்கு ஒரு கிலோ என்று வகுத்து "மாதம் ஒரு கிலோ" என்று சொல்லிவிடுவார்கள். அப்படியே இறங்கிக்கொண்டு போகாது. எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும். தினமும் நிரந்தரமாக 24 கலோரி குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ இறங்கும், அதில் பாதி முதல் வருடத்தில், மீதி மூன்று வருடத்துக்குள் என்பதுதான் நடைமுறைக்கு நெருங்கிய கணக்கு. 270 கலோரிக்கு முதல் வருடத்தில் ஐந்து கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் ஒரு நிபந்தனை: விட்ட 270ஐ வேறு வழியில் திரும்ப எடுக்கக் கூடாது. 50 கிராம் வறுத்த நிலக்கடலை போதும், அத்தனையும் திரும்பி வந்துவிடும்.

இந்த நிபந்தனையில்தான் ஸ்வீட்னரின் கதை முழுக்க அடங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தொகுப்பில், ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளில் ஸ்வீட்னர் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 0.7 கிலோதான் கூடுதலாகக் குறைந்தது. சர்க்கரைக்குப் பதிலாகக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. தண்ணீரோடு ஒப்பிட்டபோது தெரியவில்லை. பெரும்பாலான சோதனைகள் மூன்று மாதத்துக்குள் முடிந்தவை. மறுபக்கம், ஆண்டுக்கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் ஸ்வீட்னர் அதிகம் எடுப்பவர்களிடம் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் எடை ஏறுகிறவர்கள்தானே டயட் பானத்துக்கு மாறுகிறார்கள்? எது காரணம் எது விளைவு என்று அந்த வகை ஆய்வில் பிரிப்பது கடினம். அதனால்தான் நிறுவனம் தன் பரிந்துரையை "நிபந்தனைக்கு உட்பட்டது" என்று குறித்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. எரித்ரிட்டால், சைலிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் அதில் வராது. இதைச் சொல்லாமல் "தடை" என்று எழுதுகிறவர்கள் அதைப் படிக்கவே இல்லை.

எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமல் செய்த சோதனை ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2012இல் வெளியான டச்சு ஆய்வு: 641 பிள்ளைகள், தினமும் 250 மி.லி. பானம், பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ஸ்வீட்னர், யாருக்கு எது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. 18 மாதத்தில் சர்க்கரைக் கூட்டத்துக்கு 7.37 கிலோ ஏறியது, மற்றவர்களுக்கு 6.35. வளரும் பிள்ளைகள், இருவருக்கும் ஏறத்தான் செய்யும். வித்தியாசம் ஒரு கிலோ. தான் கலோரி மிச்சம் பிடித்தது தெரியாதபோது யாரும் அதற்காகத் தனக்கே பரிசு கொடுத்துக்கொள்வதில்லை. தெரிந்தவுடன்தான் "டயட் பானம் குடித்தேனே, பெரிய பர்கரே இருக்கட்டும்" என்று கை நீளுகிறது.

ஆகவே உங்களுக்கு: கேனை முதலில் மாற்றுங்கள், ஒரே அடியில் 140 கலோரி. டீ, காபிக்கு மாத்திரை. ஸ்வீட்னர் போட்ட பிஸ்கட், சாக்லேட் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் சர்க்கரை போனாலும் மாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும், கலோரி கொஞ்சம்தான் இறங்கும். அவற்றில் பெரும்பாலும் இருக்கும் மால்ட்டிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலுக்கே கிராமுக்கு 2 கலோரிக்கு மேல்.

---

வெறுந்தண்ணீர்:

இத்தனை எண் எதற்கு? தண்ணீர் குடித்தால் முடிந்தது.

---

ஊட்டம்:

முடிந்தால் அதுதான் நல்லது, மறுப்பில்லை. ஆனால் 2016இல் 303 பேரை ஒரு வருடம் எடைக் குறைப்புத் திட்டத்தில் வைத்துப் பார்த்ததில் தண்ணீர்க் கூட்டம் 2.5 கிலோவும் டயட் பானக் கூட்டம் 6.2 கிலோவும் குறைத்தன. உடனே தூக்கிப் பிடிக்க வேண்டாம். பணம் கொடுத்தது அமெரிக்கக் குளிர்பானத் தொழில் சங்கம். கலந்துகொண்டவர்கள் முன்பே டயட் பானம் பழகியவர்கள், அதில் பாதிப் பேரிடமிருந்து அதைப் பிடுங்கித் தண்ணீர் கொடுத்தார்கள். இனிப்பு இல்லாமல் இருக்க முடியாதவருக்கு இடைப்படி தேவைப்படலாம் என்பதற்கு மேல் அதிலிருந்து நான் எடுக்க மாட்டேன்.

---

மாவும்தட்டும்:

கேக் கேள்விக்கு யாரும் வரல, நான் சொல்றேன்.

சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. மாவுல ஈரத்தைப் பிடிக்கும், வெண்ணெயோட அடிக்கும்போது காற்றை உள்ளே கொண்டுபோகும், மேல் நிறம் கொடுக்கும், பஞ்சு மாதிரி வைக்கும். 200 கிராம் சர்க்கரையை எடுத்துட்டு அரை கிராமுக்கும் குறைவான சுக்ரலோஸ் போட்டா மிச்ச 199 கிராம் எங்கே? அதான் தட்டையா, வெளுத்து, மறுநாளே ரொட்டி மாதிரி காஞ்சு வரும்.

பாதிக்குப் பாதி பண்ணுங்க. 200 கிராம் கேட்டா 100 கிராம் சர்க்கரை, மீதி 100க்கு ஸ்வீட்னர். பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தா நிறம் கொஞ்சம் வரும். வழக்கத்தைவிட 5–10 நிமிஷம் முன்னாடியே குச்சி விட்டுப் பாருங்க.

எல்லாரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. "கரண்டிக்குக் கரண்டி" என்று போட்ட பொடி, அளவுக்குத்தான் சமம், எடைக்கு இல்லை. மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருளை ஊதி வைத்த பொடி அது. ஒரு கப் சர்க்கரை 200 கிராம் இருக்கும், அந்தப் பொடி ஒரு கப் 25 கிராம்தான். தராசுல 200 கிராம் நிறுத்துப் போட்டீங்கன்னா எட்டு மடங்கு இனிப்பு. வாயில வைக்க முடியாது. அந்த ஒரு கப்புக்குள்ளயும் 90 கலோரிக்கு மேல இருக்கு, லேபிள்ல "பூஜ்யம்" என்று போட்டிருந்தாலும். ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் கீழே வந்தா பூஜ்யம் என்று எழுதலாம் என்பது அமெரிக்க விதி, பரிமாறல் அளவைச் சின்னதா வச்சுட்டா வேலை முடிஞ்சுது.

சுத்த சுக்ரலோஸ் வாங்கினா இன்னும் கஷ்டம். சர்க்கரையைவிட 600 மடங்கு. 100 கிராம் சர்க்கரைக்கு 167 மி.கி., அதைச் சமையலறைத் தராசு காட்டாது. கரைசல் பண்ணி வச்சுக்குங்க: 1 கிராம் பொடியை நிறுத்து, தண்ணீர்ல கரைச்சு மொத்தம் 100 மி.லி. ஆக்குங்க. 1 மி.லி.ல 10 மி.கி., அது 6 கிராம் சர்க்கரைக்கு ஈடு. 100 கிராமுக்கு 17 மி.லி. மருந்துக் கடை சிரிஞ்சு போதும். பாட்டில்ல என்ன இருக்குன்னு எழுதி ஒட்டி ஃபிரிட்ஜில வச்சு ஒரு வாரத்துல தீர்த்துடுங்க. ஒரு கிராமையே துல்லியமா நிறுக்க 0.01 கிராம் காட்டும் தராசு வேணும்.

ஆஸ்பர்டேம் ஓவனுக்கு ஆகாது, சூட்டுல உடைஞ்சு இனிப்பு போயிடும். டீல போடறதுன்னாலும் கொதிக்கும்போது வேண்டாம், கப்பில ஊத்தின பிறகு. எரித்ரிட்டால் சூடு தாங்கும், ஆனா இனிப்பு சர்க்கரையில் 65 சதவீதம் மாதிரிதான், ஆறும்போது மறுபடி படிகமா மாறி நறநறன்னு கடிபடும், நாக்குல புதினா மாதிரி ஒரு குளிர்ச்சி. பொடியா அரைச்சதை எடுங்க, முழுக்க அதையே நம்பாதீங்க. ஈஸ்ட் மாவுல ஒரு டீஸ்பூன் நிஜச் சர்க்கரையாவது விடணும், ஈஸ்ட் ஸ்வீட்னரைத் தின்னாது.

ஜாம் விஷயம் தனி. அங்கே பூஞ்சை பிடிக்காம காப்பதே சர்க்கரைதான். ஸ்வீட்னர் போட்டு வெளியில வச்சா பூத்துடும். ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின்ல, கால்சியத்தில் உறையும் வகையை வாங்கி, கொஞ்சமா பண்ணி, ஃபிரிட்ஜ்ல வைங்க.

---

குடுவை:

மேலே ஒரு சேர்க்கை. சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், அதுவும் 250 வரை போகும் ஓவன் வேலையில், குளோரின் சேர்ந்த தேவையற்ற பொருட்கள் உண்டாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் குறித்தது. எவ்வளவு உண்டாகிறது, அது எவ்வளவு கெடுதல் என்பதற்குத் தரவு போதாது என்றும் சேர்த்தே சொன்னது. அதுவரை ஆறிய பிறகு கலப்பது நல்லது என்பது அதன் யோசனை. எப்போதாவது ஒரு கேக்குக்கு நான் பயப்பட மாட்டேன். தினசரி ஓவன் வேலைக்கு அதைத் தேர்ந்தெடுக்கவும் மாட்டேன்.

---

தராசுமுள்:

நன்றி, கேன் கணக்கே போதுமானதாக இருக்கிறது. அப்படியானால் எரித்ரிட்டால், ஸ்டீவியா கலவைப் பொடிக்குப் போய்விடலாமா? "இயற்கை" என்று போட்டிருக்கிறது. எரித்ரிட்டாலால் மாரடைப்பு என்றும் ஒரு செய்தி பார்த்தேன்.

---

குடுவை:

"இயற்கை" என்பதை விட்டுவிடுங்கள். கடையில் கிடைப்பது ஸ்டீவியா இலை அல்ல, அதிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த கிளைக்கோசைடு என்ற இனிப்புப் பொருள். அதற்கும் வரம்பு உண்டு என்று மேலே பார்த்தோம். கசப்பும் அதிமதுர வாடையும் தொந்தரவு செய்தால் ரெபாடியோசைடு எம் என்று குறித்ததைப் பாருங்கள், அது சர்க்கரைக்கு நெருங்கிய சுவை.

எரித்ரிட்டால் செய்தி 2023இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்விலிருந்து. அதில் இரண்டு பகுதி. இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு அடுத்த மூன்று வருடத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதல். இந்தப் பகுதி சற்றுப் பலவீனம், காரணம் நம் உடம்பே குளுக்கோஸிலிருந்து எரித்ரிட்டால் செய்கிறது. வளர்சிதை மாற்றம் கெட்டவர்களிடம் அது கூடும். சாப்பிட்டதால் ஏறியதா, நோயால் ஏறியதா என்று பிரிக்க அந்த மாதிரிகளில் வழியில்லை. இரண்டாவது பகுதியை நான் ஒதுக்க மாட்டேன்: ஆரோக்கியமான எட்டுப் பேருக்கு 30 கிராம் கலந்த பானம் கொடுத்தார்கள், இரத்த அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் எகிறி இரண்டு நாளுக்கு மேல் உயர்ந்தே இருந்தது, அந்தச் செறிவில் இரத்தத் தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்தார்கள். 2024இல் சைலிட்டாலுக்கும் இதே போக்கு. மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டு வந்தவர்கள் இவற்றைக் கைப்பிடி கைப்பிடியாக எடுக்க வேண்டாம். டீயில் போடும் 2, 3 கிராம் வேறு. ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமில் போகும் 30 கிராம் வேறு.

வயிறும் கவனிக்க வேண்டியது. எரித்ரிட்டாலில் சுமார் 90 சதவீதம் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடும், அதனால் ஓரளவு தாங்கும். சார்பிட்டால், மால்ட்டிட்டால் பெருங்குடல் வரை போய் நொதித்து, நீரையும் இழுக்கும். சார்பிட்டால் 20 கிராம் பலருக்கு வயிற்றைக் கலக்கும், எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ளவருக்கு 5 கிராமே போதும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் டப்பாவை எட்டாத இடத்தில் பூட்டுங்கள். நாய்க்கு அது உயிர்க்கொல்லி.

சாக்கரினும் சுக்ரலோஸும் இரண்டு வாரத்தில் சிலருடைய குளுக்கோஸ் ஏற்றத்தை மாற்றின என்று 2022இல் 120 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, குடல் கிருமிகள் வழியாக. எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை. ஒன்றையே மலைபோலத் தின்னாமல் இருப்பதற்கு அது நல்ல காரணம், பதறுவதற்கு அல்ல.

உங்கள் கப்புக்கு: ஆஸ்பர்டேம் அல்லது சுக்ரலோஸ் சிறு மாத்திரை. பாக்கெட் என்றால் ஒரு கிராம் டெக்ஸ்ட்ரோஸோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோ சேர்ந்து வரும், பாக்கெட்டுக்கு 3, 4 கலோரி. நாளைக்கு எட்டு போட்டால் 30. பெரிய விஷயம் இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. ஆஸ்பர்டேம் பானங்களைச் சூடான இடத்தில் மாதக்கணக்கில் அடுக்காதீர்கள். ஆபத்து எதுவும் இல்லை, இனிப்பு செத்துச் சப்பென்று ஆகும்.

---

ஊட்டம்:

மாறும் முறையையும் எழுதிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் கேன் மட்டும் டயட் ஆகட்டும். பிறகு கப்புக்கு இரண்டு டீஸ்பூனை ஒன்றும், ஒரு மாத்திரையும் ஆக்குங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் மீதி ஒரு டீஸ்பூனை எடுத்துவிடுங்கள், மாத்திரை ஒன்றுக்கு மேல் ஏற்றாமல். பிறகு ஒரு கப்பை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், எதுவும் போடாமல் குடித்துப் பாருங்கள். நாக்கைக் குறைந்த இனிப்புக்கு இழுப்பதுதான் நோக்கம். சர்க்கரையின் அதே இனிப்பை மாத்திரையில் காப்பாற்றிக்கொண்டிருந்தால் கேக் பக்கம் கை போவது நிற்காது. வாரம் ஒரு முறை, காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஆறு வாரத்தில் அரைக் கிலோகூட நகரவில்லை என்றால் விட்ட கலோரி வேறு எங்கோ திரும்பி வருகிறது. மூன்று நாள் தின்பதையெல்லாம் எடை போட்டு எழுதினால் இடம் தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும் நீரிழிவுக்காரர்களுக்கு ஒன்று. இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கி வியர்க்கும்போது டயட் பானமோ ஸ்வீட்னர் போட்ட டீயோ ஒன்றுக்கும் உதவாது. அப்போது வேண்டியது நிஜக் குளுக்கோஸ் 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் டயட்டாக மாற்றிவிட்டு, அவசரத்துக்குச் சர்க்கரையே இல்லாமல் நிற்கக் கூடாது. குளுக்கோஸ் பொடி டப்பா ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில், எல்லாருக்கும் சொல்லி, வையுங்கள்.